கண்ணை மறைத்த கிரீடம்: கொலுவுக்கு மண் பொம்மை செய்யும் பெட்டி ஒன்றைப் பற்றி

2025ஆம் ஆண்டு நவராத்திரிக்குச் சில பொம்மைகளையாவது நாமே செய்து படியில் வைக்கலாம் என்ற ஆசையில், 1,850 ரூபாய் கொடுத்து இணையத்தில் ஒரு மண் பொம்மைப் பெட்டியை வாங்கினோம். வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கும் குடும்பங்களுக்கென்றே தயாரிக்கப்பட்டது என்று அதன் மேலட்டையில் அச்சிட்டிருந்தார்கள். எங்கள் மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு வயது. இருவரையும் நாங்கள் பள்ளிக்கு அனுப்புவதில்லை. இதே பெட்டி வேறு இரண்டு பெயர்களை ஒட்டிக்கொண்டும் விற்பனையில் இருப்பதைப் பிறகு கவனித்தேன். ஆகவே விற்றவரின் பெயரை விட்டுவிட்டுப் பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிள்ளையார், செட்டியார், செட்டிச்சியம்மா, பசு ஆகிய நான்கு உருவங்களுக்கும் முன்பாதி, பின்பாதி என எட்டு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகள், பிளாஸ்டிக் உறையில் மூன்று கிலோ களிமண், ஆறு வண்ணப் பொடிகள், இரண்டு பிரஷ்கள், ஒரு மரக்கத்தி, பிள்ளையாரின் தலையில் வைப்பதற்குப் பொன்னிறப் பூச்சுடன் ஒரு கிரீடம், எட்டுப் பக்கக் கையேடு, பன்னிரண்டு பாட அட்டைகள் ஆகியவை உள்ளே இருந்தன. செப்டம்பர் 12ஆம் தேதி பெட்டி வந்தபோது பசுவின் அச்சில் ஒரு கொம்பு உடைந்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். மறு கேள்வி கேட்காமல் ஐந்தாம் நாள் வேறு அச்சு அனுப்பிவிட்டார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை.

அச்சுகளைத் தாராளமாகப் பாராட்டலாம். செட்டியாரின் காதுக் கடுக்கன், தொந்திக்குக் கீழே வேட்டி மடிந்து நிற்கும் மூன்று கொசுவம், பசுவின் கழுத்தில் தொங்கும் தோல்மடிப்பு எல்லாமே மண்ணில் துல்லியமாகப் பதிகின்றன. மண்ணை அழுத்தி அரைமணி நேரம் விட்டால், பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, மண் சற்றே சுருங்கித் தானாகவே அச்சைவிட்டுக் கழன்று வருகிறது. முதல் முறை பிள்ளையாரின் முன்பாதி முழுசாகக் கையில் வந்து விழுந்தபோது, என் மகன் அதைக் கீழே வைக்க மறுத்து, அப்படியே ஏந்திக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தான்.

கையேட்டின் தரம் வேறு. ‘24 மணி நேரத்தில் உலர்ந்துவிடும், மறுநாள் வண்ணம் தீட்டலாம்’ என்று அதில் எழுதியிருந்ததை நம்பியதுதான் எங்கள் முதல் சுற்று முழுவதும் வீணாகக் காரணம். புரட்டாசி பிறக்கும் சமயத்தில் சென்னையில் பகலெல்லாம் புழுக்கம், மாலையானால் இடியோடு மழை. இரண்டு நாள் பொறுத்தே பிள்ளையாருக்கு வண்ணம் தீட்டினோம். அப்படியும் உள்ளே ஈரம் இருந்ததால், அடுத்த இரண்டு நாளில் வண்ணம் அப்பளம்போல உப்பி உதிர்ந்தது. செட்டியாரை விரைவாக உலர்த்துவதாக எண்ணி மகன் மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட, பொழுது சாய்வதற்குள் கழுத்தைச் சுற்றி விரிசல் விழுந்து தலை தனியே வந்துவிட்டது. மற்றொரு பிள்ளையார் ஜன்னலோரம் இருந்தபடியே இரவு மழைச்சாரலில் கரைந்து, காலையில் தும்பிக்கை இருந்த இடத்தில் சேறு மட்டும் இருந்தது. ஆகஸ்டு 27ஆம் தேதி சதுர்த்திக்கே கரைந்திருக்க வேண்டியவர், தாமதமாகப் போய்ச் சேர்ந்தார் என்று என் மாமியார் சொன்னார்.

சுடாத மண் எவ்வளவு உலர்ந்தாலும் தண்ணீர் பட்டால் மீண்டும் சேறாகும் என்பதைக் கையேடு ஓரிடத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். ‘சுடத் தேவையில்லை’ என்பதை ஒரு வசதியாக மட்டுமே அது விளம்பரப்படுத்துகிறது. வீட்டு ஓவனில் வைத்துச் சுட்டுவிடலாமா என்று மகள் கேட்டாள். எங்கள் ஓவன் 250 டிகிரியைத் தாண்டாது. மண் திரும்பக் கரையாதபடி மாறுவதற்குச் சுமார் 600 டிகிரி வெப்பமாவது வேண்டும். ஆனால் சுடாத மண்ணில் ஒரு நன்மையும் உண்டு. உடைந்தவற்றையெல்லாம் இடித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிசைந்தபோது, கெட்டுப்போனது என்று எதையுமே தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 18ஆம் தேதி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கொசப்பேட்டைக்குப் போனேன். புரசைவாக்கத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் மண் பிள்ளையாரும் கொலுப் பொம்மையும் செய்யும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. அங்கே ஒரு பெரியவர், நாங்கள் கையோடு கொண்டுபோயிருந்த செட்டியாரின் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ள கெட்டியா அடைச்சிட்டீங்களா?” என்று கேட்டார். அச்சை மண்ணால் நிரப்பச் சொல்லியிருந்தது எங்கள் கையேடு. ஒரு விரல் கனத்துக்கு மட்டும் அச்சின் சுவரோடு ஒட்டி அழுத்த வேண்டும், உள்ளே கூடாக இருக்க வேண்டும், அடியில் ஒரு துளை விட வேண்டும், மண்ணில் சலித்த மணலைக் கொஞ்சம் கலக்க வேண்டும் என்று அவர் கையாலேயே செய்து காட்டினார். “மண்ண அவசரப்படுத்தாதீங்கம்மா. உள்ள ஈரம் இருக்கும்போதே வெளிய காஞ்சா, வெடிக்காம என்ன செய்யும்?” என்றார். எட்டுப் பக்கக் கையேட்டில் கிடைக்காத விவரங்கள் பத்து நிமிடத்தில் கிடைத்தன.

மறுநாள் தொடங்கிய இரண்டாம் சுற்றில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஆனால் மகாளய அமாவாசைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. செப்டம்பர் 21ஆம் தேதி வழக்கம்போல மரப்பாச்சியை முதலில் வைத்து, ஐந்து படிகளில் பரணிலிருந்து இறக்கிய பழைய பொம்மைகளை அடுக்கியபோது, எங்கள் நான்கும் வண்ணமே இல்லாமல், கருஞ்சாம்பல் நிறத்தில், தொட்டால் குளிர்ச்சியாக இருந்தன. அப்படியே கடைசிப் படியில் வைத்தோம். நாளாக ஆகக் காதுமடல், கொம்பு, மூக்கு நுனி ஆகிய மெல்லிய இடங்கள் முதலில் வெளுத்து, வயிறும் முதுகும் பின்னால் வெளுத்தன. தினமும் மாலை வரும் விருந்தினர்களுக்கு மகன் அதைத்தான் சுட்டிக்காட்டினான். செட்டியாரின் வயிறு முழுக்க வெளுக்க ஐந்து நாள் ஆயிற்று. பெட்டியின் மேலட்டையில் உள்ள பளபளப்பான படத்தைப் பார்த்தவர்களைவிட, படியிலேயே உலர்ந்த இந்தப் பொம்மைகளை நின்று பார்த்தவர்களே அதிகம்.

பொன்னிறக் கிரீடத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். அதை அச்சின் அளவுக்குச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் உலர்ந்தால் மண் சுருங்கும் என்பதை மறந்துவிட்டார்கள். பிள்ளையார் உலர்ந்த பிறகு வைத்துப் பார்த்தால் கிரீடம் நழுவி இறங்கிக் கண்களை மறைத்தது. மகள் அளவுகோலை எடுத்து வந்தாள். அச்சிலிருந்து வந்தபோது பிள்ளையாரின் உயரம் 15 சென்டிமீட்டர்; உலர்ந்தபின் 13.9. ஏழு விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டவள், உயரம், அகலம், கனம் மூன்றுமே அதே விகிதத்தில் குறைந்தால் மொத்தத்தில் எவ்வளவு குறையும் என்று தானே பெருக்கிப் பார்த்து, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டபோது முதலில் நம்பவில்லை, மறுபடியும் பெருக்கினாள். விழுக்காட்டுக் கணக்கை ஜூலையிலிருந்து தள்ளிப்போட்டு வந்தவள் அவள். கிரீடத்துக்குள் பஞ்சு வைத்து நிறுத்தினோம்.

இதைச் சொல்லும்போதுதான் அந்தப் பன்னிரண்டு பாட அட்டைகளின் மேல் எனக்குள்ள எரிச்சலையும் சொல்லத் தோன்றுகிறது. ஒவ்வோர் அட்டையிலும் முன்பக்கம் ஒரு கேள்வி, பின்பக்கம் அதன் விடை. ஏழாவது அட்டை, ‘களிமண்ணின் நிறம் என்ன?’ என்று கேட்டு, ‘பழுப்பு’ என்று விடை தருகிறது. பெட்டியில் அவர்களே வைத்திருந்த மண் சாம்பல் நிறம். மகன் அட்டையை ஒரு கையிலும் மண்ணை மறு கையிலும் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சுருக்கத்தைப் பற்றி ஓர் அட்டை இல்லை; ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரிக்குச் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் பெரும்பகுதி போய்ப் பிளாஸ்டர் பொடி ஆகிறது, நீர் சேர்த்தால் மறுபடி இறுகுகிறது என்பதைப் பற்றி ஓர் அட்டை இல்லை; மூன்று பொம்மைகள் எடுத்தபின் நான்காவது ஏன் அச்சில் ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பற்றியும் இல்லை. அச்சும் ஈரம் குடித்து நிறைந்துவிடுகிறது, ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் மீண்டும் வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்குப் பள்ளிக்கூட வினாவிடைத் தாளையே சிறு அட்டையாக வெட்டிக் கொடுத்தால் போதும் என்று தயாரிப்பாளர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஒன்பது நாளும் ஒழுங்காக நடந்தன என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பொம்மைக்கு மண்ணை ஊறவைத்த நினைப்பில் கொண்டைக்கடலையை ஊறவைக்க மறந்து, தொடர்ந்து மூன்று நாள் பாசிப்பயறு சுண்டலே நைவேத்தியம் ஆயிற்று. கூடத்தின் ஒரு மூலை முழுக்க மண் படிந்த செய்தித்தாள். வழக்கமான பாடங்களை நாங்கள் அந்த வாரம் திறக்கவே இல்லை. வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது, “எந்த ஸ்கூல், எத்தனாவது?” என்பதுதான். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பதினான்கு வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதுவாள் என்று மகளைப் பற்றி நான் விளக்கத் தொடங்குவதற்குள், மகன் குறுக்கே புகுந்து, “ஆன்ட்டி, இந்தப் பசு இன்னும் காயல, தொட்டுப் பாருங்க” என்று அழைத்துக்கொண்டு போய்விடுவான். அந்த ஆண்டு எனக்கு விளக்கம் சொல்லும் வேலை பாதியாகக் குறைந்தது.

அக்டோபர் 1ஆம் தேதி சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களோடு மரக்கத்தியையும் அச்சுகளையும் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். மகன் ஆர்வ மிகுதியில் பசுவின் அச்சுக்கு உட்புறத்திலேயே குங்குமத்தைக் குழைத்து வைத்துவிட்டான். பிளாஸ்டர் அதையும் குடித்துக்கொண்டது. விஜயதசமியன்று மறுபடி அழுத்தியபோது, விலாவில் சிவந்த பொட்டுடன் ஒரு பசு பிறந்தது. இனி அந்த அச்சில் பிறக்கும் சில கன்றுகளுக்கும் அந்தப் பொட்டு இருக்கும் என்று நினைக்கிறேன்.

வண்ணப் பொடிகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பசை சேராத பொடிகள் என்பதால் நன்றாக உலர்ந்த பொம்மையிலும் விரலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. முதலில் பூச வேண்டிய வெள்ளைப் பூச்சுக்கு எதுவும் தரவில்லை. ‘முகத்துக்கு’ என்று எழுதிய பொட்டலத்தில் இளஞ்சிவப்புப் பொடி இருந்தது. மளிகைக் கடை வைத்திருக்கும் நம் செட்டியாரை அந்த நிறத்தில் பார்க்க மகளுக்கு மனம் வரவில்லை. காவியில் கறுப்பைத் தொட்டுக் கலந்து தன் தாத்தாவின் நிறத்தைக் கொண்டுவந்தாள். சாக்குப் பொடியை வெள்ளைப் பசையில் குழைத்து ஒரு பூச்சு, அதன்மேல் கடையில் வாங்கிய அக்ரிலிக் வண்ணம் என்று அக்டோபர் இரண்டாம் வாரத்தில்தான் பொம்மைகளை முடித்தோம். கண்ணைக் கடைசியாகத் தீட்டினோம். செட்டிச்சியம்மாவுக்கு ஒரு கண் சற்று மேலேறிவிட்டது. அவரும் அப்படியே இருக்கிறார். வண்ணத்தைப் பற்றி விற்பனையாளருக்கு எழுதிய கடிதத்துக்கு, ‘இன்னொரு முறை முயன்று பாருங்கள்’ என்ற ஒருவரிப் பதில் மட்டும் வந்தது.

பன்னிரண்டாவது அட்டை, மீந்த மண்ணில் அகல் விளக்கு செய்து ஏற்றச் சொல்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒன்று செய்து, நன்றாக உலரவிட்டு, நல்லெண்ணெய் ஊற்றிச் செய்தித்தாளின்மேல் வைத்தோம். திரியைக் கொளுத்தவில்லை. காலையில் அகலுக்குள் எண்ணெய் பாதிகூட இல்லை, தாளில் தட்டளவு வட்டம் பரவியிருந்தது. சுடாத அகலைக் குழந்தைகள் கையில் கொடுத்து ஏற்றச் சொல்வது தவறு. அந்த அட்டையை அவர்கள் திரும்பப் பெற வேண்டும். கார்த்திகைக்குச் சுட்ட அகலையே வாங்கிக்கொண்டோம்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: அச்சுகளுக்காக வாங்கலாம், ஆனால் ஆடியிலேயே வாங்குங்கள். கொலுவுக்குப் பத்து நாள் முன்பு வாங்கினால் எங்களைப்போல வண்ணமில்லாத பொம்மைகளைத்தான் படியில் வைப்பீர்கள். வண்ணத்துக்கும் பிரஷ்ஷுக்கும் தனியாக முந்நூறு ரூபாய் ஒதுக்குங்கள். தந்த பிரஷ்களில் ஒன்று முதல் நாளே மயிர் உதிர்த்தது. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பெட்டி சொன்னாலும், இரண்டு பாதிகளை மண்குழம்பு தடவி இணைப்பதற்குப் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். அச்சும் மண்ணும் மட்டும் தனியாக 1,000 ரூபாய்க்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். இப்போதுள்ள விலையில் ஏறத்தாழ பாதி, பயன்படாத பொருள்களுக்குப் போகிறது.

பொம்மைகளைப் பழைய பருத்திச் சேலைத் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் மற்றவற்றுக்கு மேலே வைத்தாயிற்று. மீந்த ஒரு கிலோ மண் சமையலறை மேடைக்கு அடியில் ஈரத்துணிக்குள் இருக்கிறது. மகன் அதற்குத் தினமும் காலையில் தண்ணீர் தெளித்துவருகிறான்.