சாஃப்ட்வேர் வாத்தியங்கள்: நெடுநாள் புழக்கத்தில் தெரியவருபவை

சொந்தப் பாட்டை ரெக்கார்ட் செய்யும்போது வயலின் ட்ராக் ‘கீபோர்டு மாதிரி’ கேட்டால், உடனே இன்னொரு சவுண்ட் லைப்ரரியை, அதாவது நிஜ வாத்தியங்களின் ஒலிப்பதிவுத் துண்டுகள் (சாம்பிள்கள்) அடங்கிய தொகுப்பை, தேடத் தோன்றும். பல லைப்ரரிகளைப் புழங்கிய பிறகு ஒன்று உறுதியாகிறது: குறை பெரும்பாலும் சாம்பிளில் இல்லை, வாசிப்பில்தான்.

பியானோவுக்கு வெலாசிட்டி (கட்டையை அழுத்தும் வேகம்) மட்டுமே ஏறக்குறையப் போதும். கட்டையை அழுத்தியபின் ஒலி தானாகத் தேய்ந்துவிடும். வயலினும் புல்லாங்குழலும் அப்படியல்ல. சுரம் நீளும்போதே வில்லின் அழுத்தமும் மூச்சும் மாறிக்கொண்டே இருக்கும். அதைக் கொண்டுவருவது சிசி 1, சிசி 11 என்ற இரண்டு மிடி கட்டுப்பாடுகள்தான் (மிடி என்பது வாசிப்பைக் கணினிக்குச் சொல்லும் குறிப்பு). பெரும்பாலான ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிகளில் சிசி 1 மென்மையான சாம்பிளிலிருந்து அழுத்தமான சாம்பிளுக்கு நகர்த்தும், ஒலியின் நிறமே மாறும். சிசி 11 சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும். முதலில் சுரங்களை வாசித்துவிட்டு, அடுத்த டேக்கில் சிசி 1-ஐ அனுப்பும் மாடுலேஷன் வீலை (கீபோர்டில் உள்ள சக்கரம்) மட்டும் ஓட்டிப் பதியுங்கள். மௌஸால் இழுத்த நேர்கோட்டில் இந்த உயிர் வராது.

கமகத்துக்கு பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் வீல்) வேண்டும். வழக்கமான செட்டிங்கான இரண்டு அரைச்சுரம் சீக்கிரமே பற்றாமல் போகும். 12 வைத்தால் வீல் கொஞ்சம் அசைந்தாலே சுருதி தப்பும். 5 கைக்கு அடங்கும். வைப்ராட்டோ (சுரத்தின் நடுக்கம்) சேர்த்தே பதிவான சாம்பிளை மேலே வளைத்தால் பல லைப்ரரிகளில் அந்த நடுக்கமும் வேகமாகிவிடும், காதில் உடனே உறுத்தும். வைப்ராட்டோ இல்லாத பேட்சை (லைப்ரரியில் உள்ள ஒலித் தேர்வு) எடுத்து, அசைவைக் கையாலேயே கொடுப்பதுதான் சரி.

ஸ்ட்ரிங்ஸை நூறு சதவீதம் குவாண்டைஸ் செய்தால், அதாவது சுரங்களைத் தாளக் கட்டத்தில் அப்படியே பொருத்தினால், தாளத்துக்குப் பின்னால் விழும். லெகாட்டோ (சுரங்களை இணைத்து வாசிக்கும்) சாம்பிள் முழு ஒலிக்கு வர நேரமெடுப்பதே காரணம். ட்ராக் டிலேயில் மைனஸ் மதிப்பு கொடுத்து முன்னே தள்ளுங்கள். ஸ்டக்காட்டோவுக்கு (வெட்டி வெட்டி வாசிப்பது) அவ்வளவு தேவைப்படாது என்பதால் அதைத் தனி ட்ராக்கில் வைப்பது நல்லது.

வாசிக்கும்போது பஃபர் (கணினி ஒலியை ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் அளவு) 128 இருக்கட்டும், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 3 மில்லிசெகண்ட். 1024 என்றால் 23 மில்லிசெகண்ட், விரலுக்கும் ஒலிக்கும் இடைவெளி நன்றாகவே தெரியும். மிக்ஸிங்கில் பஃபரை ஏற்றிக்கொள்ளலாம். அப்போதும் சத்தம் வெடித்தால் முடிந்த ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள் (தற்காலிகமாக ஒலி ஃபைலாக்கிக் கணினியின் சுமையைக் குறைப்பது).

லைப்ரரிக்குள் இருக்கும் ரிவெர்பை (அறையின் எதிரொலி) அணைத்துவிட்டு, எல்லா வாத்தியங்களையும் ஒரே ரிவெர்ப் பஸ்ஸுக்கு (பல ட்ராக்குகள் சேரும் பொதுவழி) அனுப்பினால்தான் ஒரே அறையில் வாசித்தது போல ஒலிக்கும்.

பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் மிடியோடு 24 பிட் வேவ் ஃபைலாகவும் எடுத்து வைத்துவிடுங்கள். லைப்ரரி அப்டேட் ஆனாலோ டிரைவ் மாறினாலோ பழைய பிராஜெக்ட் சாம்பிள் கிடைக்காமல் ஊமையாகத் திறக்கலாம்.