99 ரூபாய்க்கு 5,000 வண்ணப் பக்கங்கள்: வடசென்னைப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

மாரியோ, சோனிக், பிகாச்சு, மைன்கிராஃப்ட் என்று பிள்ளைகளுக்குப் பிடித்த வீடியோ கேம் பாத்திரங்கள் எல்லாம் ஒரே தொகுப்பில், பிரிண்ட் எடுத்து வண்ணம் தீட்ட 5,000 பக்கங்கள், விலை வெறும் 99 ரூபாய், பணம் கட்டிய உடனே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். இப்படி ஒரு விளம்பரம் கோடை விடுமுறை முழுவதும் எங்கள் பகுதிப் பெற்றோரின் செல்போன்களில் சுற்றியது. நான் பணம் கட்டினேன். எங்கள் தெருவில் வேறு சில தாய்மார்களும் கட்டினார்கள். போனது 99 ரூபாய் மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அடுத்த மாதம் எங்கள் கணக்குகளிலிருந்து, ஒரு வார்த்தை கேட்காமல், 599 ரூபாய் எடுத்துக்கொண்டார்கள். இப்போது அரையாண்டு விடுமுறை நெருங்கும் நேரத்தில் அதே விளம்பரம் வேறு பெயரில் மறுபடியும் வரத் தொடங்கியிருக்கிறது.

நான் தண்டையார்பேட்டையில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருகிறார்கள். அப்பாக்கள் பலர் காசிமேட்டில் படகுக்குப் போகிறவர்கள், துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவர்கள். அம்மாக்களில் மீன் விற்பவர்களும் உண்டு, எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களும் உண்டு. விடுமுறை விட்டால் பிள்ளைகளுக்குத் துணை அப்பாவின் செல்போன்தான். ஃப்ரீ ஃபயர் விளையாட்டை மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை செய்தது. ஆனாலும் அதன் துப்பாக்கிப் பெயர்கள் இன்றும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் சரளமாக வருகின்றன.

அந்தப் பிள்ளைகளிடம் ஆப்பிளும் குடையும் வரைந்த தாளைக் கொடுத்தால் ஓர் ஓரமாகக் கிறுக்கிவிட்டு எழுந்து ஓடிவிடுவார்கள். பிகாச்சு படத்தைக் கொடுத்தால் கதையே வேறு. ஒரு பக்கம் முழுதாக எழுத அடம்பிடிக்கும் ஒரு பையன், அன்று படத்தின் மேல் அப்படியே கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். வாலின் நுனி கறுப்பு என்று பக்கத்திலிருந்தவள் சொல்ல, இல்லவே இல்லை, காதின் நுனிதான் கறுப்பு, வால் உடம்போடு சேரும் இடத்தில் பழுப்பு என்று இவன் வாதாடினான். அவன் சொன்னதுதான் சரி. பழுப்பு கிரேயானைச் செங்குத்தாகப் பிடித்து, கோட்டைத் தாண்டாமல், அந்தச் சின்ன இடத்தை மட்டும் அவ்வளவு நிதானமாக நிரப்பினான். பென்சிலை அழுத்திப் பிடிக்கவே தயங்கும் விரல்கள் அவனுடையவை. வீடியோ கேம் படங்கள் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று சொல்பவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தப் படங்கள் மீது ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் இவற்றைக் காட்டிப் பணம் பிடுங்குபவர்கள் மீதுதான்.

வந்து சேர்ந்த தொகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். கோப்புகளுக்கு 1 முதல் 5,000 வரை எண் போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் ஒரே படம் வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சிலவற்றில் வேறு இணையதளங்களின் பெயர் மாரியோவின் வயிற்றுக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஓடுகிறது. எங்கிருந்தோ எடுத்ததை அழிக்கக்கூட மெனக்கெடவில்லை. மாரியோ நின்டெண்டோவின் சொத்து, சோனிக் சேகாவின் சொத்து. விற்றவர் இவற்றில் ஒரு கோடுகூட வரைந்தவர் அல்லர்.

பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைத் தம்பி முதல் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை ஏ4 அளவுக்கு இழுத்தால் கோடெல்லாம் உடைந்துவிடும்" என்றார். உண்மைதான். ஏ4 தாளில் தெளிவாக அச்சாக வேண்டுமானால் படம் ஏறக்குறைய 2,480 புள்ளி அகலமும் 3,508 புள்ளி உயரமும் இருக்க வேண்டும். இவர்கள் அனுப்பியவை சில நூறு புள்ளிகளைத் தாண்டவில்லை. அச்சில் கோடுகள் படிக்கட்டு போலப் பிசிறடித்தன. வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மங்கலான சாம்பல் பூச்சு. ஏற்கெனவே சாம்பல் அப்பியிருக்கும் இடத்தில் பிள்ளை எங்கே மஞ்சள் தீட்டுவது?

மீதிப் படங்கள் கணினியே தயாரித்தவை. மாரியோவின் வெள்ளைக் கையுறையில் ஆறு விரல். தொப்பியில் ஆங்கில 'M' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ வளைந்த கோடு. சோனிக்கின் கண்கள் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இதில் இரண்டும் தனித்தனியாக, மனிதக் கண் போல இருந்தன. பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். "மிஸ், இது சோனிக் இல்லை, சோனிக் மாதிரி வேஷம் போட்டிருக்கிறது" என்றாள் நான்காம் வகுப்புச் சிறுமி.

என்னை உண்மையிலேயே கொதிக்க வைத்தது இன்னொன்று. மூன்று வயது முதல் பத்து வயது வரை என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே, 2014இல் வந்த ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ், 2021இல் வந்த பாப்பி பிளேடைம் ஆகிய திகில் விளையாட்டுகளின் உருவங்கள் பிகாச்சுவுக்கும் மாரியோவுக்கும் நடுவே கலந்து கிடந்தன. பாப்பி பிளேடைமின் ஹக்கி வக்கி பார்ப்பதற்கு நீல ரோமப் பொம்மை போல இருக்கும். வாயைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கூர்மையான பற்கள். அடுக்கிலிருந்து தானாகவே ஒரு தாளை உருவிய ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அதுதான் வாய்த்தது. தாளைக் கீழே போட்டுவிட்டு என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "இது ராத்திரி வீட்டுக்கு வருமா மிஸ்?" என்று கேட்டாள். சில பெண் பாத்திரங்களை வரைந்திருந்த விதமும் குழந்தைகள் கையில் கொடுக்கத் தக்கதல்ல. அத்தனை அச்சுத் தாள்களையும் அன்றே கிழித்துப் போட்டேன்.

இனி பணம் போன வழியைப் பார்ப்போம். இதைப் பெற்றோர் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

விளம்பரத்தைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கிறது. 99 ரூபாய் செலுத்துங்கள் என்று பெரிய பச்சைப் பொத்தான். அதன் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தெரியாத ஆங்கில எழுத்தில், இது அறிமுகச் சலுகை, பிறகு மாதந்தோறும் உறுப்பினர் கட்டணம் என்று ஒரு வரி. பொத்தானை அழுத்தியதும் யூபிஐ செயலி திறக்கிறது. அங்கே நாம் கொடுப்பது 99 ரூபாய் மட்டும் அல்ல. மாதாமாதம் 599 ரூபாய் வரை எடுத்துக்கொள்ள ஆட்டோபே அனுமதியும் அதே ரகசிய எண்ணில் போய்விடுகிறது. ஆட்டோபே திரை சாதாரணப் பணம் செலுத்தும் திரையைப் போலவேதான் தெரியும். ஆனால் அதில் அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை என்ற விவரங்கள் இருக்கும். ஒரே ஒரு முறை வாங்கும் பொருளுக்கு இந்த விவரங்கள் எதற்கு? அவற்றைக் கண்டால் ரகசிய எண்ணைப் போடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், பொதுவாக 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்கு அடுத்தடுத்த மாதங்களில் ரகசிய எண் கேட்க வேண்டியதில்லை. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு நமக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தகவல் வந்தது. நாள் முழுக்க வந்து குவியும் விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவே, ஆங்கிலத்தில், அறிமுகமில்லாத ஒரு நிறுவனப் பெயரில் வந்தது. வண்ணப் பக்கம் விற்றவரின் பெயருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இப்படித் திட்டமிட்டு மறைத்துவிட்டு, நீங்களே அனுமதி கொடுத்தீர்களே என்று நம் மீது பழி போடுவது அநியாயம்.

எங்கள் தெருவில் மீன் விற்கும் ஒரு தாய் தன் மகனுக்காக இதே தொகுப்பை வாங்கியிருந்தார். விடியும் முன்பே காசிமேட்டில் ஏலம் எடுத்துக் கூடை தூக்குபவர். ஒரு நாள் ஏலத்தில் மீனுக்குப் பணம் அனுப்பப் பார்த்தால் கணக்கில் போதவில்லை. பாதிக் கூடையோடு திரும்பியிருக்கிறார். "மிஸ், யாரோ என் பணத்தை எடுக்கிறார்கள். யாரென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று செல்போனை நீட்டினார். பார்த்தால் ஏற்கெனவே முந்தைய மாதமும் 599 போயிருந்தது. அவருக்கு அது வெறும் கணக்கு அல்ல, மறுநாள் வியாபாரத்தின் முதல்.

விற்றவரின் வாட்ஸ்அப் எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று முதலில் பதில் வந்தது. சைபர் கிரைமில் புகார் கொடுப்பேன் என்றதும் தொனி மாறியது. "மேடம், பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தச் செயலியை நிறுவி விவரங்களை நிரப்புங்கள்" என்று ஒரு கோப்பு வந்தது. அதன் பெயர் ஏபிகே என்று முடிந்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே இப்படி அனுப்பப்படும் செயலிகள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி எண் அவர்கள் கைக்குப் போய்விடும். நான் அதைத் திறக்கவில்லை. நீங்களும் திறக்காதீர்கள். பணம் திரும்ப வருவதற்கு எந்தச் செயலியும் தேவையில்லை, ரகசிய எண்ணும் தேவையில்லை.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இன்றே உங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எதுவாக இருந்தாலும் ரத்து செய்யுங்கள். எந்த நேரத்திலும் ரத்து செய்ய நமக்கு உரிமை உண்டு. அந்தத் தாயின் செல்போனில் பார்த்தபோது, வண்ணப் பக்கத்தோடு, ஜாதகம் பார்க்கும் செயலி ஒன்றுக்கும் அனுமதி ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளுக்கு வண்ணப் பக்கம் வேண்டும் என்றால் காசே கொடுக்க வேண்டாம். நின்டெண்டோ நிறுவனமே, குழந்தைகளுக்காக நடத்தும் பிளே நின்டெண்டோ தளத்தில் அச்சிடுவதற்கான பக்கங்களை இலவசமாக வைத்திருக்கிறது. கோடு தெளிவாக இருக்கும், விரலும் சரியாக இருக்கும். வேறு இலவசத் தளங்களுக்குப் போனால் டவுன்லோடு என்று மின்னும் பெரிய பொத்தான்களை நம்பாதீர்கள். அவற்றில் பல விளம்பரங்கள். படமோ பிடிஎஃப் கோப்போ தவிர வேறு எது இறங்கினாலும் அழித்துவிடுங்கள். பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுத்துத் தேடச் சொல்லாமல், பெரியவர் ஒருவர் ஒவ்வொரு படத்தையும் பார்த்த பிறகு பிரிண்ட் எடுங்கள். ஸ்கெட்ச் பேனாவோ வாட்டர் கலரோ பயன்படுத்துவதாக இருந்தால் லேசர் பிரிண்ட் கேளுங்கள். பல இங்க்ஜெட் பிரிண்டுகளில் ஈரம் பட்டால் கறுப்புக் கோடு கரைந்து மஞ்சளோடு கலந்துவிடும்.

பிரிண்டரே இல்லாவிட்டாலும் கவலை இல்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். மைன்கிராஃப்டில் வரும் க்ரீப்பரின் முகம் 8 கட்ட அகலம், 8 கட்ட உயரம். மேலிருந்து முதல் இரண்டு வரிசையும் முழுக்கப் பச்சை. மூன்றாம், நான்காம் வரிசைகளில் இடமிருந்து 2, 3, 6, 7 ஆகிய கட்டங்கள் கறுப்பு, இவை கண்கள். ஐந்தாம் வரிசையில் 4, 5. ஆறாம், ஏழாம் வரிசைகளில் 3 முதல் 6 வரை. எட்டாம் வரிசையில் 3, 6 மட்டும். மீதியெல்லாம் பச்சை. தீட்டி முடித்ததும் கறுப்பு எத்தனை, பச்சை எத்தனை என்று கேளுங்கள். 64இல் 20 போனால் 44 என்று, கழித்தல் என்றால் ஓடுகிற பிள்ளையும் சொல்கிறது. எங்கள் டியூஷனில் இப்போது இதுதான் நடக்கிறது. பெரிய பிள்ளைகள் 1980இல் வந்த பேக்மேன் விளையாட்டின் நான்கு பேய்களையும் இதே முறையில் தாங்களாகவே வரைகிறார்கள்: சிவப்பு, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், ஆரஞ்சு.

எனக்கு இதுவரை பணம் திரும்ப வரவில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன், வங்கியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் ஏமாந்திருந்தால் 1930க்கு உடனே பேசுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் வேறு கணக்குகளுக்குக் கை மாறிவிடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பேசும் முன்பு, பரிவர்த்தனை எண், பணம் போன தேதி, பெற்றுக்கொண்டவரின் யூபிஐ முகவரி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படி அழித்துவிட்டதால், அவருடைய புகாரில் சேர்ப்பதற்கு வங்கிக் குறுஞ்செய்தியைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை.