அலமாரியில் இடம் யாருக்கு: டிராகனுக்கா, சிறுத்தைக்கா?

சமீபத்திய ஃபேன்டசி ரொமான்ஸ்களில் எதைப் புத்தகமாக வாங்கி வைப்பது, எதைக் கிண்டிலில் படித்து அங்கேயே விட்டுவிடுவது என்று ஒரு முடிவுக்கு வர வேண்டியிருந்தது. அலமாரியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தட்டு. போட்டிக்கு நின்றவை மூன்று தொடர்கள்: ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' வரிசை, சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்', நளினி சிங்கின் 'சை-சேஞ்ச்லிங்'. இப்போது தட்டில் இருப்பது மூன்றாவது. எனவே நடுநிலையான அலசலை எதிர்பார்த்து யாரும் உட்கார வேண்டாம். முதல் இரண்டு வரிசைகளின் கதை ஆங்காங்கே கொஞ்சம் தெரிந்துவிடும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த சங்கதிகளை முதலில் முடித்துவிடலாம். படுக்கையறைக் காட்சிகள் மூன்றிலும் தாராளம். மாஸின் தொடர் முதலில் இளையோர் நாவல் என்ற பெயரில் வந்து, பின்னால் பெரியவர்களுக்கான அட்டை மாட்டிக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஆங்கிலம் மூன்றிலும் சிரமமில்லை. வேகம் என்று பார்த்தால் யாரோஸை அடிக்க ஆளில்லை.

அந்த வேகத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். 2023 மே மாதம் வந்த 'ஃபோர்த் விங்' தொடக்கத்திலேயே நம்மை ஒரு ஒடுக்கமான கல்பாலத்தின் மேல் நிறுத்திவிடுகிறது. பாஸ்கயத் போர்க் கல்லூரியில் டிராகன் வீரர் ஆக வேண்டுமென்றால் அதைக் கடக்க வேண்டும், விழுந்தால் சாவுதான். நாயகி வயலட்டுக்கு மூட்டுகள் லேசில் பிசகும், எலும்பு லேசில் முறியும். ஏட்டோடும் சுவடியோடும் இருக்கத் தயாரானவளை, தளபதியான அம்மாவே இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறாள். பாலத்துக்கு முன் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் ரியானனின் பூட்ஸ் வழுக்கும் என்பது வயலட்டின் கண்ணில் படுகிறது. ஆளுக்கு ஒரு கால் பூட்ஸை மாற்றிக்கொள்கிறார்கள். இப்போது இருவருக்கும் ஒரு கால் பிடிக்கும், ஒரு கால் வழுக்கும். இந்த ஒரு செயலில் அவள் குணம் முழுக்க வந்துவிடுகிறது. பின்னால், சண்டைப் பயிற்சியில் தன்னைவிடப் பலசாலியை எதிர்கொள்ள வேண்டியிருந்தால் முன்கூட்டியே அவர்களுக்குக் கொஞ்சம் விஷம் கலந்து கொடுத்துவிடுகிறாள்! பலவீனமான உடம்போடு கூர்மையான மூளை என்பதை வெறும் வர்ணனையாக விடாமல் செயலில் காட்டியிருக்கிறார். யாரோஸுக்கே எஹ்லர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத்திசுக் கோளாறு உண்டு. வயலட்டின் வலி இரவல் வலியாகத் தெரியாததற்கு அது காரணமாக இருக்கலாம்.

வயலட்டின் டிராகனான டெய்ர்ன் என்கிற கிழத்தின் சிடுசிடுப்புக்காகவே முதல் பாகத்தை இரண்டாம் முறையும் படிக்கலாம். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

பிறகு ஏன் தட்டில் அதற்கு இடமில்லை? நான் பார்த்தது ஒன்றே ஒன்று: தொடரைக் கட்டி மேய்க்க என்ன செலவாகிறது என்பது. பணத்தைச் சொல்லவில்லை, நேரத்தையும் ஞாபகத்தையும் சொல்கிறேன். ஐந்து பாகம் என்று அறிவிக்கப்பட்ட வரிசை இது. இரண்டாவது 'அயர்ன் ஃப்ளேம்' 2023 நவம்பரில் வந்தது, மூன்றாவது 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில். நடுவில் 14 மாதம். ஒவ்வொரு பாகமும் உச்சக்கட்டத்தில் கையை விட்டுவிட்டுப் போகிறது. வார இதழில் 'தொடரும்' என்று போட்டால் ஏழு நாளில் அடுத்தது கைக்கு வந்துவிடும், அதுவரை பக்கத்து வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். 14 மாதம் கழித்து வரும் புத்தகத்தில் யார் யாருக்குத் தோழன், எந்தப் படைப்பிரிவில் யார் செத்தார்கள், எந்தக் காவல் கல் எங்கே இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? ஆகவே புதிய பாகம் வரும்போதெல்லாம் பழையவற்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அவை மெல்லிய புத்தகங்களும் அல்ல. 'அயர்ன் ஃப்ளேம்' 600 பக்கத்தைத் தாண்டும். மூன்றாம் பாகத்தில் புதிய தீவுகளும் புதிய பெயர்களும் வேறு சேர்ந்துகொள்கின்றன.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து பாகத்துக்கும் ஒரே ஜோடி என்பதால் காதலுக்கு நேர்கிற கதிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் பாகத்திலேயே வயலட்டும் சேடனும் சேர்ந்தாயிற்று. அவர்களுடைய டிராகன்கள் ஜோடி என்பதால் சில நாளுக்கு மேல் பிரிந்திருக்க முடியாது. அதனால் இவர்களும் பிரிய முடியாது. அருமையான ஏற்பாடு. 'அயர்ன் ஃப்ளேம்' அதை வைத்து விடுமுறை நாள் சந்திப்புகள், மேலதிகாரியின் குறுக்கீடு என்று கொஞ்ச தூரம் நன்றாகவே ஓடுகிறது. அதற்குமேல் ஓட்ட எதுவும் இல்லாதபோது, 'நீ சரியான கேள்வியைக் கேட்டால் நான் பதில் சொல்வேன்' என்று அவன் ஆரம்பிக்கிறான். அவள் கோபிக்கிறாள், அவன் உருகுகிறான், மறுபடி ஒரு ரகசியம் வெளிப்படுகிறது, மறுபடி அதே வாக்குவாதம். சேர்ந்தவர்களைப் பிரித்துவைக்க ஆசிரியர் படும் பாடு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. நம் சீரியல்களில் கல்யாணம் முடிந்த பிறகு கதை எப்படி இழுபடும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

மாஸைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. 2015-இல் வந்த முதல் பாகம் 'அழகியும் அரக்கனும்' கதையின் மறுவடிவம். ஓநாய் வடிவில் இருந்த ஒருவனைக் கொன்றதற்குப் பதிலாக ஃபெய்ரா மாய நாட்டுக்குப் போகிறாள். இரண்டாம் பாகத்தில் முதல் நாயகனை ஓரங்கட்டிவிட்டு வேறொருவனை முன்னுக்குக் கொண்டுவந்த துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது. காப்பாற்றுகிறேன் என்ற பெயரில் அவளை வீட்டுக்குள் பூட்டிவைக்கிற காதல் காதல்தானா என்று அந்த நாவல் நிதானமாக விசாரிக்கிறது. மூன்றாம் பாகத்தோடு ஃபெய்ராவின் கதை ஒரு கரைக்கு வந்தும்விடுகிறது. 2021-இல் வந்த 'சில்வர் ஃப்ளேம்ஸ்' அவளுடைய அக்கா நெஸ்டாவிடம் போகிறது. அதற்குப் பிறகு 2025 முடியும் வரை அடுத்த பாகம் வரவில்லை. நான் இதைக் கிண்டிலில் வைத்திருக்கிறேன். இரண்டாம் பாகத்தை மட்டும் தனியாக வாங்கி வைத்தால்கூடத் தப்பில்லை.

இனி என் கட்சிக்கு வருகிறேன்.

நளினி சிங் ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். 'சை-சேஞ்ச்லிங்' வரிசை 2006-இல் 'ஸ்லேவ் டு சென்சேஷன்' என்ற நாவலோடு தொடங்கியது. இதைச் சமீபத்தியது என்று எப்படிச் சொல்வாய் என்று கேட்கலாம். தொடர் இன்னும் நின்றபாடில்லை, 2024-இல் 'ப்ரைமல் மிரர்' வந்தது, 2025-இல் 'அடோன்மென்ட் ஸ்கை' வந்தது. 'ஃபோர்த் விங்' படித்துவிட்டு அடுத்து என்ன என்று தேடுகிறவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

கதை நடப்பது 2079-இல். மனிதர்கள், சிறுத்தை, ஓநாய் என்று மிருகமாக உருமாறும் 'சேஞ்ச்லிங்'கள், மனோசக்தி படைத்த 'சை' என்று மூன்று இனங்கள். சைகளிடம் பைத்தியமும் கொலைவெறியும் பெருகியதால், 100 வருடத்துக்கு முன் 1979-இல், இனி எங்கள் குழந்தைகளுக்கு உணர்ச்சியே வேண்டாம் என்று அவர்களாகவே முடிவெடுத்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து பழக்கி, அழுகை, கோபம், ஆசை எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறார்கள். அதற்குப் பெயர் 'சைலன்ஸ்'. சைகள் எல்லோருடைய மனமும் 'சைநெட்' என்ற ஒரே வலையில் கோக்கப்பட்டிருக்கிறது. அந்த வலையிலிருந்து அறுந்தால் மூளைக்கு வேண்டிய ஊட்டம் நின்று உயிர் போய்விடும். வலைக்குள்ளேயே இருந்தால், மனதில் உணர்ச்சி கசிவதை எவராவது பார்த்துவிடலாம். பார்த்தால் 'மறுவாழ்வு' என்ற நல்ல பெயரில் மூளையையே அழித்துவிடுவார்கள்.

இந்த ஏற்பாடு காதல் கதைக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள். ஜோடியைப் பிரித்துவைக்க ஒரு தவறான புரிதலோ, சொல்லாமல் மறைத்த ரகசியமோ தேவையே இல்லை. ஒரு சை காதலித்தால் அவளுக்கோ அவனுக்கோ உயிர் நிற்குமா என்பதே கேள்வி. உலகத்தின் சட்டமே வில்லன். அந்தச் சட்டத்தை ஒவ்வொரு நாவலிலும் வெவ்வேறு ஜோடி வெவ்வேறு இடத்தில் முட்டுகிறது, வெவ்வேறு விடையோடு வெளியே வருகிறது, புத்தகம் முடிகிறது. நிஜமாகவே முடிகிறது. படித்துவிட்டு மூடிவைத்துத் தூங்கப் போகலாம்.

ஓர் உதாரணம் மட்டும். மூன்றாவது நாவல் 'கேரஸ்ட் பை ஐஸ்' (2007). ஜட் லாரன் என்பவன் சைகளின் கொலைப்படையில் இருந்தவன். அவன் சக்தி உடம்பின் உயிரணுக்களையே நகர்த்தக்கூடியது. சத்தமில்லாமல் ஒரு இதயத்தை நிறுத்திவிட முடியும். தன் குடும்பம் மொத்தத்துக்கும் மூளையழிப்பு உத்தரவு வந்ததும் எல்லோருமாக ஓநாய்க் கூட்டத்திடம் வந்து சேர்கிறார்கள். பெரியவர்களை ஓநாய்கள் கொன்றுவிடும், குழந்தைகளையாவது விட்டுவைக்கும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. இந்தக் குடும்பம் தங்களுக்குள்ளேயே ஒரு குட்டி வலையைப் பின்னிக்கொண்டு உயிர் பிழைத்திருக்கிறது. ஆக, ஜட்டைக் கட்டிப்போட சைநெட் இல்லை, அரசும் இல்லை. ஆனாலும் அவன் சைலன்ஸை விடமாட்டேன் என்கிறான். ஏன்? கட்டுப்பாடு போய்விட்டால், ஒரு கோபத்தில் தன் பக்கத்தில் இருப்பவளையே கொன்றுவிடுவோமோ என்ற பயம். அவளோ, பிரென்னா, ஒரு சைக் கொலைகாரனின் சித்திரவதையிலிருந்து மீண்டு வந்தவள். உணர்ச்சி எழுந்தால் மூளைக்குள் வலியாகத் தண்டிக்கும்படி அவனைச் சிறுவயதிலேயே பழக்கியிருக்கிறார்கள். அவள் அருகில் உட்கார்ந்திருப்பதற்கே அவன் வலியால் விலை கொடுக்கிறான், முகத்தில் ஒன்றும் காட்டாமல். ஒரு தொடுகைக்கு இத்தனை கனம் கொடுத்த காதல் நாவல் நான் படித்த வரையில் குறைவு.

இதில் சின்ன வேடத்தில் வாயாடியாக வரும் ஜட்டின் அக்கா மகள் சியென்னாவே 2011-இல் 'கிஸ் ஆஃப் ஸ்னோ'வின் நாயகி. 2013-இல் வந்த 'ஹார்ட் ஆஃப் ஒப்சிடியன்' வரையில் சைலன்ஸின் சுவரில் விரிசல் ஒவ்வொரு பாகமாக வளர்ந்துகொண்டே வரும். அதாவது, காத்திருக்க வைக்கும் கதையும் இதில் உண்டு, ஆனால் அது பின்னணியில் நடக்கிறது. முன்னணியில் இருப்பவர்களுக்கு அந்தந்தப் புத்தகத்திலேயே ஒரு வழி பிறந்துவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து அடுத்ததைத் திறந்தாலும் பழையதைத் தேடி ஓட வேண்டியதில்லை, முக்கியமானவர்கள் விருந்துக்கோ சண்டைக்கோ தலைகாட்டிவிட்டுப் போவார்கள்.

அப்படியானால் ஒரே ஜோடி என்றாலே இழுவைதானா என்றால், அதுவும் இல்லை. இலோனா ஆண்ட்ரூஸ் என்ற பெயரில் எழுதும் கணவன்-மனைவி இருவரின் 'கேட் டேனியல்ஸ்' வரிசை 2007-இலிருந்து 2018 வரை பத்து நாவல். மாயம் அலையடிக்கும்போது காரும் துப்பாக்கியும் செத்துப்போகிற அட்லாண்டா நகரத்தில், கேட், கரன் என்ற ஒரே ஜோடி. அவர்கள் சேர்வதே நாலாவது நாவலில்தான், அதற்குப் பிறகும் அலுக்கவில்லை. ஒவ்வொரு நாவலிலும் ஒரு வழக்கு தொடங்கி முடிவதே காரணம் என்று நினைக்கிறேன். தட்டில் இன்னும் ஒரு சாண் இடம் இருந்திருந்தால் அதுவும் ஏறியிருக்கும்.

சிங்கிடம் குறை இல்லாமல் இல்லை. ஆரம்ப நாவல்களின் சிறுத்தை, ஓநாய் நாயகர்கள் 'இவள் என்னுடையவள்' என்று உறுமுவது இன்று படிக்கும்போது நெளிய வைக்கிறது. முதல் நாவலின் லூக்காஸ் இதில் பெரிய குற்றவாளி. 'கிஸ் ஆஃப் ஸ்னோ'வில் வயது வித்தியாசம் சிலருக்கு ஒட்டாது. சாதாரண மனிதர்களுக்கு இந்த உலகத்தில் வெகுகாலம் மூன்றாம் இடம்தான். பிந்தைய பாகங்களில் பிள்ளைக்குட்டிகளின் விளையாட்டும் சமையலறைப் பேச்சும் அதிகம். எனக்குப் பிடிக்கும், வேகம் தேடி வருகிறவர்கள் பக்கத்தைத் தள்ளுவார்கள். 2017-இல் 'சில்வர் சைலன்ஸ்' மூலம் தொடங்கிய இரண்டாம் கட்டத்தை நான் முழுக்கப் படித்து முடிக்கவில்லை. படித்தவரையில் கரடிகள் வரும் 'சில்வர் சைலன்ஸ்' பிரமாதம். மற்றவற்றைப் பற்றி அடித்துச் சொல்ல எனக்கு இன்னும் தகுதி வரவில்லை. அதேபோல யாரோஸ் நாலாவது, ஐந்தாவது பாகங்களில் எல்லா முடிச்சையும் அழகாக அவிழ்த்துவிட்டால் என் கணக்கு மாறலாம். முழு வரிசையும் வந்த பிறகு ஒரே மூச்சில் படிப்பவர்களுக்கு நான் சொன்ன குறைகளில் பாதி இருக்காது.

வாங்குவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 'ஃபோர்த் விங்' எந்தக் கடையிலும் கிடைக்கும், படித்துவிட்டு விற்றாலும் உடனே ஆள் வரும். பக்க விளிம்பில் கறுப்புச் சாயமும் டிராகன் படமும் போட்ட முதல் பதிப்புக்கு மவுசே தனி. சிங்கின் பழைய பாகங்களைப் புத்தகமாகப் பிடிப்பது பெரும்பாடு. ஒரே மாதிரி அட்டையில் முழு வரிசையும் வேண்டும் என்று அடம்பிடித்தால் வருடக்கணக்கில் அலைய வேண்டும். என் தட்டில் மூன்று விதமான அட்டைகள், இரண்டு உயரங்களில் நிற்கின்றன, பார்க்க அழகாக இல்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: வரிசைப்படி முதல் நாவலிலிருந்து படிப்பதே முறை. ஆனால் லூக்காஸின் உறுமல் பொறுக்கவில்லை என்றால் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம், நேராக மூன்றாவதுக்குப் போய் ஜட்டைப் படியுங்கள். உலகம் எப்படி இயங்குகிறது என்பது அதிலேயே விளங்கிவிடும். பிடித்துப்போனால் திரும்பி வந்து முதலிரண்டைப் படித்துக்கொள்ளலாம். 'ஹார்ட் ஆஃப் ஒப்சிடியன்' மட்டும் முன்னதாகத் திறக்க வேண்டாம். பதினொரு பாகமாகப் பொத்திவைத்த ஒரு விஷயம் அதில் உடைகிறது.