ஏ5 வளைய ஆர்கனைசர்: நாள்பட்ட புழக்கத்தில் தெரிபவை

தாளைக் கழற்றி மாற்றக்கூடிய டைரியான ஆறு வளைய ஆர்கனைசரைக் கடையில் எல்லோரும் அட்டையைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சில வருடம் புழங்கிய பிறகு அட்டை பெரிதாகத் தெரியாது. உள்ளே போடும் தாள் எங்கே கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதுதான் பெரிதாகிவிடும். அந்தக் கணக்கில் ஏ5 எளிதாக ஜெயிக்கிறது.

ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஒரு ரீம் (500 தாள்) ஏ4-ஐ நடுவில் ஒரே வெட்டு வெட்டினால் 1000 ரீஃபில் தாள், கழிவே இல்லை. 95 × 171 மி.மீ. கொண்ட 'பெர்சனல்' என்ற சிறிய ஆர்கனைசர் அளவுக்கு அதே ஏ4-ஐ வெட்டிப் பாருங்கள். நாலு வெட்டு வெட்டினால் மூன்று தாள் தேறும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குப்பைக்குப் போகும். பாக்கெட்டில் அடங்குகிறது என்பது தவிர அதற்குச் சாதகமாகச் சொல்ல அதிகமில்லை.

இந்த வசதிக்குக் காரணம் 1:1.414 என்ற அகல-நீள விகிதம். 1922-இல் வால்டர் போர்ஸ்ட்மன் முன்வைத்து ஜெர்மனி தரமாக்கியது. இப்போது ஐஎஸ்ஓ 216. பாதியாக வெட்டினாலும் உருவம் மாறாததால், ஏ4 பக்கத்தை 71 சதவீதத்தில் நகலெடுத்தால் ஏ5-இல் அப்படியே உட்காரும். ஏ0 ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு என்பதால் எடையும் மனக்கணக்குதான்: 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் 5 கிராம், ஏ5 இரண்டரை. 150 தாள் போட்டால் அட்டையைச் சேர்க்காமலே 375 கிராம் பையில் கனக்கும்.

வெட்டக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். 297-இல் பாதி 148.5, ஏ5-இன் தர அளவு 148. மெஷினில் 148 என்று வைத்தால் மறுபாதி 149 ஆகி, கட்டின் ஓரம் படிப்படியாக நிற்கும். 148.5 என்றே வைக்கச் சொன்னால் தீர்ந்தது. வீட்டு டிரிம்மரில் பத்துப் பத்துத் தாளாகத்தான் வெட்ட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் அடித்தாள் நழுவி வெட்டு சாயும்.

ஓட்டைதான் தொல்லை பிடித்த இடம். ஏ5-இல் இடைவெளி 19-19-70-19-19, மொத்தம் 146 மி.மீ., தாளின் உயரம் 210. ஆக, முதல் ஓட்டையின் மையம் மேல் ஓரத்திலிருந்து 32 மி.மீ.யில் விழ வேண்டும். ஸ்கேல் வைத்து அளப்பதைவிடச் சுலபமான வழி உண்டு. ஒரு தாளில் ஓட்டை போட்டு, அதே ஓரம் பஞ்சிங் மெஷினுக்குள் போகும்படி தாளைப் புரட்டி மறுபடி அழுத்துங்கள். ஓட்டைகள் வட்டமாகவே இருந்தால் சரி. நீள்வட்டமானால் மெஷினில் தாளை நிறுத்தும் கைடு நகர்ந்திருக்கிறது, ஒரு மி.மீ. பிசகு இங்கே இரண்டாகத் தெரியும்.

நிரம்பிய பக்கங்களை லிவர் ஆர்ச் ஃபைலுக்கு (நெம்பினால் திறக்கும் இரண்டு கம்பி ஃபைல்) மாற்றும்போது பலர் தாளைக் கெடுத்துவிடுகிறார்கள். இரட்டை ஓட்டைக்கு இடைவெளி 80 மி.மீ. அதே ஓரத்தில் போட்டால் அவை 65, 145 மி.மீ.யில் விழும், ஏற்கெனவே 70, 140-இல் ஓட்டைகள் இருக்கின்றன. நடுவில் மெல்லிய இழைதான் மிஞ்சும், நாலு முறை புரட்டினால் கிழியும். மேல் ஓரத்தில் போடுங்கள். நம் கடைகளில் லிவர் ஆர்ச் ஃபைல் பெரும்பாலும் ஏ4-ஐவிட நீளமான ஃபுல்ஸ்கேப் உயரம்தான். ஆனாலும் கம்பிகளின் இடைவெளி அதே 80 என்பதால் கவலையில்லை.

அமெரிக்கக் கடைகளில் இணையம் வழி வாங்குவோர் கவனிக்க: அங்கே லெட்டர் தாளின் பாதியை, அதாவது 140 × 216 மி.மீ.யையும், 'ஏ5' என்று விற்பவர்கள் உண்டு. நம் தாள் அதில் 8 மி.மீ. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

பிளாஸ்டிக் உறை சேர்த்தாலும் இதே கதைதான். ஏ5 தாளை உள்ளே வாங்க வேண்டும் என்பதால் உறை ஏ5-ஐவிட அகலம். பிரிப்பு அட்டைகளின் ஓரத்தில் நீட்டி நிற்கும் காதுகள் அதற்குள் மறைந்துவிடும். அகலக் காது அட்டை வாங்குங்கள், இல்லாவிட்டால் உறைகள் எல்லாவற்றையும் கடைசியில் தள்ளிவிடுங்கள்.