வள்ளி திருமணமா, அரிச்சந்திரா மயான காண்டமா: திருவிழா இரவுக்கு எந்த நாடகத்தைப் பேசுவது?

பங்குனி பிறந்தால் மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் பக்கம் நாடக சீசன்தான். கோயில் கமிட்டி கூடியதும் ஊர் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி வள்ளி திருமணம் கேட்கும், இன்னொரு பாதி அரிச்சந்திரா மயான காண்டம் கேட்கும். இந்தச் சித்திரைக்கு நாங்கள் வள்ளியைப் பேசி அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

கதையை விளக்கத் தேவையில்லை, இரண்டுமே ஊருக்கே மனப்பாடம். முருகன் கோயில் என்றால் வள்ளி பொருத்தம் என்பதும், அரிச்சந்திராவுக்குப் பெரியவர்கள் கூட்டம் அதிகம் என்பதும் தெரிந்ததே. செலவில் பெரிய வித்தியாசம் வருவது வேஷங்களின் எண்ணிக்கையால். வள்ளிக்கு ராஜபார்ட் (நாயகன், வேலன்), ஸ்திரீபார்ட் (நாயகி, வள்ளி), நாரதர், பபூன் (கோமாளி), டான்ஸ் என ஐந்து பேர் போதும். அரிச்சந்திராவுக்கு அரிச்சந்திரன், சந்திரமதி தவிர விசுவாமித்திரர், நட்சத்திரேசன், காலகண்டையர், வீரவாகு, மகன் லோகிதாசனாக நடிக்க ஒரு பிள்ளை எல்லாம் வேண்டும். ஒருவரே இரண்டு வேஷம் கட்டிச் சமாளிப்பதுண்டு, ஆனாலும் ஆள் கூடும். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாள வாத்தியங்களை ஒருவரே வாசிப்பது), தாளம் இரண்டுக்கும் பொது.

முடிவு செய்ய வேண்டிய இடம் இதுவல்ல. நேரம்தான்.

இவை இரண்டும் ஸ்பெஷல் நாடகங்கள், அவை நடக்கும் விதத்தைப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பாட்டும் வசனமுமாக வகுத்துக் கொடுத்த பாதை எல்லா நடிகர்களுக்கும் பாடம். அந்தத் தைரியத்தில்தான் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசுகிறோம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. கொட்டகைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் அன்றைய ஜோடியே சந்திக்கும். சீசனில் நல்ல ராஜபார்ட்டுக்கு அடுத்தடுத்த இரவுகளில் தேதி இருக்கும். விடிய விடிய ஆடிவிட்டுப் பகலில் தூங்கி, பஸ் பிடித்து வருவார். பத்து மணிக்கு நாடகம் என்றால் அவர் பதினொன்றரைக்கு வந்து இறங்குவது அதிசயமல்ல. கோடை மழை பெய்து மேடை காய ஒரு மணி நேரம் போவதும் உண்டு.

இப்படி ஓட்டை விழும்போது வள்ளி திருமணம் தாங்கும். அதன் கட்டுமானமே இரண்டிரண்டு பேர் காட்சிகள்தான்: முதலில் பபூன் தனியாக, பிறகு பபூனும் டான்ஸும், அப்புறம் தினைப்புனத்தில் வள்ளி, வள்ளியோடு நாரதர், கடைசியில்தான் வேலன். வேலனுக்கு மேடையில் வேலை வர நள்ளிரவு தாண்டிவிடும். அவர் தாமதித்தால் பபூனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரை மணி நேரம் இழுத்துவிடுவார். நாரதர் தர்க்கத்தில் இன்னொரு கேள்வியைப் போடுவார், வள்ளி பதில் பாட்டு எடுப்பார். கூட்டத்துக்கு இழுத்தது தெரியவே தெரியாது. மாறாக நேரம் போதாவிட்டால் விருத்தர் வேஷத்தையும் யானை வருவதையும் சுருக்கி, பத்து நிமிஷத்தில் மாலை மாற்றி மங்களம் பாடிவிடலாம். தலைப்பில் உள்ள திருமணம் நடந்துவிட்டது, யாரும் குறை சொல்ல முடியாது.

அரிச்சந்திரா அப்படி வளையாது. அரிச்சந்திரன் வராமல் கதை நகராது. நாடு இழந்து, காசியில் மனைவி மக்களை விற்று, பிள்ளையைப் பாம்பு தீண்டி, அதன்பிறகுதான் சுடுகாடு. கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டு அவன் சந்திரமதியை மறிக்கிற இடத்துக்காகத்தான் ஊரே விழித்திருக்கிறது. கட்டிய கணவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் தாலியை அவன் பார்த்துவிடும் அந்தக் கணம், நல்ல நடிகர் கையில், வள்ளியில் எந்தக் காட்சியும் எட்டாத உயரம். ஆனால் அது வருவது விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு. தொடக்கம் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனால் மயான காண்டத்தை அவசரமாக ஓட்ட வேண்டிவரும். வெளிச்சம் வந்தபிறகு சுடுகாட்டுத் திரை வெறும் துணிதான்.

அனுமதிச் சிக்கலும் இங்கேதான் சேர்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று மாநில அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு வரைதான், அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் இல்லை. நடைமுறையில் விடிய விடிய நடக்கிறது என்பது வேறு விஷயம். அனுமதிக் கடிதத்தில் நேரம் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு நாடகம் பேசுங்கள். யாராவது புகார் கொடுத்து ஒரு மணிக்கு மைக்கை நிறுத்தச் சொன்னால் வள்ளிக்கு அவசரக் கல்யாணமாவது செய்துவைக்கலாம். அரிச்சந்திரன் காசிக்குப் போகும் வழியிலேயே நிற்பான்.

வள்ளியில் கவனிக்க வேண்டிய குறை ஒன்றே: ஜோடி. வேலனும் வள்ளியும் செய்யும் தர்க்கம் பாதி இரவைத் தின்கிறது, அது இந்த இரண்டு பேர் தோளில் மட்டும் இருக்கிறது. ஸ்திரீபார்ட் ஐந்து கட்டையில் (சுருதி அளவு) பாடுகிறவர், ராஜபார்ட் மூன்றுக்கு மேல் ஏறாதவர் என்றால் ஆர்மோனியக்காரர் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றிக்கொண்டிருப்பார். வாக்குவாதத்தின் சூடு அதிலேயே ஆறிப்போகும். ஏஜெண்டிடம் பெயரை மட்டும் கேட்காமல், இந்த இருவரும் சேர்ந்து ஆடியிருக்கிறார்களா, என்ன கட்டை என்று கேளுங்கள். ஆர்மோனியத்தை ராஜபார்ட்டே சொல்லும் ஆளாகப் போட்டுவிடுவது நல்லது. இரண்டு பேரும் பேச்சில் சமமாக இருக்க வேண்டும். ஒருவர் திணறினால் கூட்டம் இரண்டரை மணிக்கே பாயைச் சுருட்டும்.

பவளக்கொடி நாடகமும் இதே மாதிரி வளையும் என்கிறார்கள். பக்கத்து ஊர்களில் பார்த்த அளவில் சரியென்றே படுகிறது, பேசி நடத்திய அனுபவம் போதாது. கடலோர ஊர்களின் ருசியும் வேறாக இருக்கலாம்.

அரிச்சந்திராதான் வேண்டும் என்று ஊர் பிடிவாதம் பிடித்தால் இரண்டு இரவு திருவிழாவாக வைத்து இரண்டாம் நாளில் போடுங்கள். அரிச்சந்திரனுக்கு முந்தின இரவு வேறு ஊரில் நாடகம் இல்லாத தேதியாகப் பார்த்து, சாயங்காலமே ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள். பபூன் காமிக்கை ஒரு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். லோகிதாசனாக வரும் பிள்ளைக்குப் படுக்க ஒரு வீடும், துணைக்கு அம்மாவோ அப்பாவோ வர பஸ் காசும் தனியாக ஒதுக்குங்கள். நோட்டீஸ் அடிப்பது எல்லோரும் அட்வான்ஸ் வாங்கியபிறகு. படம் போட்ட நடிகர் வராவிட்டால் கமிட்டியைத்தான் கேட்பார்கள்.