லோரோங் கூலிட்டில் பாயின் பழைய நோட்டு மேசை

பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பழைய நோட்டும் காசும் விற்கும் ஒரு பாயைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடை என்றால் கடை இல்லை, ஒரு மேசை, ஒரு குடை, நாலைந்து பிளாஸ்டிக் ஆல்பம், அவ்வளவுதான்.

நான் போன காரணம் வேறு. எங்கள் ஆயா இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியில் ஒரு கட்டு ஜப்பான் நோட்டு, அதாவது போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்து ஆண்டபோது அடித்த நோட்டு, கிடைத்தது, எல்லாம் வாழைமரம் போட்ட பத்து வெள்ளி (டாலர்). தாத்தா தோட்டத்தில் வாங்கிய கூலி என்று ஆயா ஒருமுறை சொன்னதாக அம்மாவுக்கு ஞாபகம். இதற்கு என்ன விலை கிடைக்கும் என்று கேட்கத்தான் கொண்டுபோனேன்.

பாய் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுல நம்பர் இல்ல பாருங்க, எழுத்து மட்டும்தான் இருக்கு" என்றார். 1942-இல் முதலில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்ததாம், அப்புறம் எம் என்று தொடங்கும் எழுத்துகளோடு நிறுத்திவிட்டார்கள். எண்ணே இல்லாத நோட்டை எத்தனை அடித்தார்கள் என்று யார் கணக்குப் பார்ப்பது? அரிசிக் கப்பல் வருவது நின்று ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த காலத்தில், பொருள் குறையக் குறைய நோட்டு மட்டும் கூடிக்கொண்டே போனது. ஆரம்பத்தில் பத்து வெள்ளிதான் பெரிய நோட்டு. 1944-இல் நூறு வந்தது, 1945-இல் மாட்டு வண்டி போட்ட ஆயிரம். இந்த மூன்றையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார், எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பத்து வெள்ளி நோட்டில், கேட்டவுடன் கொடுப்பதாக ஜப்பானிய அரசாங்கம் வாக்குறுதி தருகிறது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் இந்த நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பழைய மலாயா நோட்டை ஒளித்து வைத்திருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். கூலியாக வாழைமர நோட்டை மட்டுமே பார்த்த தோட்டத்து ஆட்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஜப்பான் நோட்டில் அடைத்த கடன்களுக்காக 1948-இல் தனிச் சட்டமே வந்தது. தாத்தாவின் உழைப்புக்கு எந்தச் சட்டமும் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். விலை நியாயம். கசங்கிய வாழைமர நோட்டு எனக்கு எட்டு வெள்ளி சொன்னார், வரிசை எண் உள்ளது என்றால் பல நூறு ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். இதே மாதிரி மதிப்பிழந்துபோன, 1923-இல் ஜெர்மனியில் அடித்த லட்சக்கணக்கான மார்க் நோட்டும் இருக்கிறது. அந்த வருடம் நவம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க். ஜிம்பாப்வேயின் 100 டிரில்லியன் டாலரும் வைத்திருக்கிறார், ஒன்றுக்குப் பின்னால் 14 பூச்சியம். 2015-இல் அந்த நாடு பழைய பணத்தை மாற்றிக்கொடுத்தபோது 35,000 டிரில்லியன் கொண்டுபோனால்தான் ஒரு அமெரிக்க டாலர் கிடைத்தது. இந்த நோட்டுக்குப் போலி நிறைய. நானே முன்பு இணையத்தில் ஒருவரிடம் வாங்கி ஏமாந்தேன், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரிய வேண்டிய நீர்க்குறி ஒன்றுமே இல்லை. பாய் கேட்காமலேயே டார்ச் லைட்டை எடுத்து அடித்துக் காட்டுகிறார்.

குறை என்றால், வெயில் ஏறினால் உட்கார இடமில்லை, கார் நிறுத்தவும் சிரமம். சந்தை காலையில்தான், அதனால் பசியாறிவிட்டு நேராகப் போய்விடுங்கள்.

ஆயாவின் கட்டை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மொத்தமாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்வேன், ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பழைய ரப்பர் பேண்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, நோட்டுக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தார். உறைக்கு மட்டும் ஆறு வெள்ளி வாங்கினார்.