கொழும்பு ஒப்பந்தமா, அறிவியல் நகர்ப் பிள்ளையா?

கிளிநொச்சியில் எங்கள் ஐடி பிரிவில் இருப்பது இரண்டே பேர். இரண்டு வருடத்துக்கு முன் 40 கணினி. இப்போது வவுனியா, முல்லைத்தீவுக் கிளைகளோடு 170. கொழும்பு நிறுவனமொன்றுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் கொடுப்பதா, இங்கேயே ஒருவரை எடுப்பதா என்று நிர்வாகம் கேட்கிறது.

ஒப்பந்தம் கொடுத்தால் சேர்வர், பேக்கப் (தரவுகளின் மறுபிரதி), ஃபயர்வால் (வெளித் தாக்குதலைத் தடுக்கும் அரண்) எல்லாவற்றையும் அவர்கள் அங்கிருந்தே பார்ப்பார்கள். இரவு 2 மணிக்கு அழைப்பு வந்தால் எழும்புவது நானல்ல. அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் "4 மணித்தியாலத்துக்குள் பதில்" என்றிருந்தால் அது பதில் மட்டுந்தான்; "முறைப்பாடு கிடைத்தது" என்று மின்னஞ்சல் போட்டாலே கணக்குச் சரி. திருத்தி முடிக்க எவ்வளவு நேரம் என்பதைத் தனியாக எழுதுவிக்க வேண்டும். இன்னொன்று, தொலைவிலிருந்து உதவ இணையம் வேண்டுமே? எங்களுக்கு வரும் முறைப்பாட்டில் பாதி, இணையம் போய்விட்டது என்பதுதான். போன மாரியில் முல்லைத்தீவில் கணினிகளை இணைக்கும் நெட்வேர்க் சுவிட்ச் எரிந்தபோது, நான் போனில் சொல்லச் சொல்ல அங்கிருந்த காசாளர் தங்கச்சிதான் வயர்களைக் கழற்றி மாற்றினார். கொழும்பிலிருந்து ஆள் வருவதென்றால் 300 கிலோமீற்றருக்கு மேல். அதற்கும் பில் வரும்.

உள்ளூரில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இங்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. பம்பைமடுவில் இருப்பது 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா பல்கலைக்கழகம். எடுப்பது சுகம், வைத்திருப்பதுதான் பாடு. முதல் ஆறு மாதம் நாங்கள்தான் பழக்க வேண்டும், எங்களுக்கோ சாப்பிடவே நேரமில்லை. பழகி முடிய கொழும்பு, இல்லாவிட்டால் கனடா. சம்பளத்தைக் கூட்டாமல் "நம்ம ஊர்ப் பிள்ளை, போகாது" என்று நம்பியிருக்க முடியாது.

மூன்றாவதாக ஓவர்டைம். அதைத்தான் இவ்வளவு நாளும் செய்கிறோம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட், 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. எங்களிடம் இன்னும் 60 கணினி அதில்தான் ஓடுகிறது. ஓவர்டைமில் எரிந்த சுவிட்சை மாற்றலாம், இந்த 60 அப்படியேதான் கிடக்கும்.

என்னைக் கேட்டால் ஆளை எடுங்கள். பேக்கப்பையும் ஃபயர்வாலையும் மட்டும் கொழும்புக்குக் கொடுங்கள். இரண்டுக்கும் காசில்லையென்றால் ஆள்தான். நேர்முகத்தில் மறக்காமல் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பரந்தனால் திரும்பி முல்லைத்தீவு போய்வர எங்கள் இருவருக்கும் இனி முதுகு இல்லை.